‘இந்தச் சலுகை தமிழ்நாட்டில் செல்லாது’: ஒரு சின்ன எழுத்து வரியின் பெரிய கதை

(ஒலிவடிவில் வந்த எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)

வீட்டில் இருக்கிற பிஸ்கட் பாக்கெட்டையோ டூத் பேஸ்ட் அட்டையையோ எடுத்துப் பின்பக்கம் திருப்பிப் பாருங்க. முன்பக்கத்தில் கார் படம், தங்கக் காசு படம், ‘வெல்லுங்கள்’ என்று கொட்டை எழுத்து. பின்பக்கத்தில் எறும்பு சைஸில் நாலைந்து வரி. அதில் ஒன்று அடிக்கடி கண்ணில் படும்: இந்தச் சலுகை தமிழ்நாட்டில் செல்லாது. டிவி விளம்பரமாக இருந்தால் கடைசி ரெண்டு செகண்டில் ஒருத்தர் மூச்சுவிடாமல் வாசித்துவிட்டுப் போய்விடுவார்.

இதைப் பார்த்துட்டு நிறைய பேர் ‘நம்ம ஊரை மட்டும் ஓரவஞ்சனை பண்றாங்க’ன்னு நினைக்கிறாங்க. கம்பெனிக்கு நம்ம மேல ஒரு கோபமும் இல்லை. அந்த வரிக்குப் பின்னால் 1979இல் தமிழ்நாட்டில் வந்த ஒரு சட்டம் இருக்கு. அந்தச் சட்டத்துக்குப் பின்னால் குறுக்கெழுத்துப் போட்டி இருக்கு, சீட்டுக் கம்பெனி இருக்கு, இங்கிலாந்தில் கூடாரம் போட்டு டீத்தூள் வித்த ஒரு வியாபாரியும் இருக்கார். நம்ம நேயர்களில் கடை வச்சிருக்கிறவங்க, புதுசா பிசினஸ் ஆரம்பிச்சவங்க நிறைய பேர் இருக்கீங்க. தீபாவளிக்குக் குலுக்கல் வைக்கலாமான்னு யோசிக்கிறவங்களுக்கு இது வெறும் பழங்கதை இல்லை.

டீத்தூள் பொட்டலத்தில் இருந்து ஆரம்பிப்போம்

1883. இங்கிலாந்தில் ஒருத்தர் கூடாரம் போட்டு டீத்தூள் விற்கிறார். ஒரு பவுண்டு பொட்டலம், விலை இரண்டு ஷில்லிங் ஆறு பென்ஸ். ஒவ்வொரு பொட்டலத்துக்குள்ளும் ஒரு கூப்பன். அதில் எழுதியிருக்கிற பரிசு வாங்கினவருக்கு. என்ன பரிசு என்று பிரிக்கிற வரைக்கும் தெரியாது. வழக்கு போட்டார்கள். டெய்லர் எதிர் ஸ்மெட்டன் என்று அந்த வழக்குக்குப் பேர்.

வியாபாரி தரப்பு வாதம் ரொம்ப நியாயமாகத்தான் இருந்தது. ‘டீ நல்ல டீ. கொடுத்த காசுக்கு அது தகும். யாரையும் ஏமாத்தலை. பரிசு இனாம்.’ டீ நல்ல டீதான் என்பதில் சந்தேகமே இல்லை. ஆனாலும் இது லாட்டரிதான் என்று நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. வாங்குகிறவர் டீக்கு மட்டும் காசு கொடுக்கவில்லை, டீயும் அதிர்ஷ்டமும் சேர்ந்த ஒரு பொட்டலத்துக்குக் கொடுக்கிறார் என்பது அதன் பார்வை.

இந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான் அடுத்த நூற்றைம்பது வருஷச் சண்டையும். பொருளோட விலையை ஏத்தலைன்னா, பரிசு உண்மையிலேயே இலவசமா? இல்லை, பரிசுக்கு ஆசைப்பட்டு வாங்கினதே அதுக்குக் கொடுத்த விலையா?

லாட்டரிக்கு மூணு கால் என்று வக்கீல்கள் சொல்வார்கள். பரிசு, அதிர்ஷ்டம், பங்கேற்க ஏதோ ஒரு விலை. மூணும் இருந்தால் லாட்டரி. ஒரு காலை எடுத்துட்டா முக்காலி சாய்ஞ்சிடும், லாட்டரி இல்லாமல் போயிடும். அமெரிக்க கம்பெனிகள் மூணாவது காலை வெட்டினாங்க. அதனால்தான் அந்த ஊர்ப் பொட்டலங்களில் ‘வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை’ என்று ஒரு வரி இருக்கும். தபால் அட்டையில் பேர் எழுதி அனுப்பினாலும் போட்டியில் சேர்த்துக்குவாங்க. 1954இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ரேடியோ, டிவி பரிசு நிகழ்ச்சிகள் சம்பந்தப்பட்ட வழக்கில், வீட்டில் உட்கார்ந்து நிகழ்ச்சியைக் கேட்பது ஒரு ‘விலை’ ஆகாது என்று சொல்லிவிட்டது. ஒலிபரப்பு ஆணையம் போட்ட தடை விதி அதோடு போச்சு.

பிரிட்டன் ரொம்ப நாள் பழைய வழியிலேயே நின்றது. 1980இல் கூட, சிகரெட் பாக்கெட்டுக்குள் சுரண்டும் அட்டை வைத்த இம்பீரியல் டொபாக்கோ கம்பெனியின் ‘ஸ்பாட் கேஷ்’ திட்டத்தைச் சட்டவிரோத லாட்டரி என்று பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. விலை ஏறவில்லை என்ற வாதம் அங்கேயும் எடுபடவில்லை. 2005இல் புதுச் சூதாட்டச் சட்டம் வந்த பிறகுதான், வழக்கமான விலைக்குப் பொருள் வாங்குவது லாட்டரிக்குக் காசு கட்டியதாகாது என்று அங்கே மாற்றினார்கள்.

நம்ம பக்கம்: அரசாங்கம் நடத்தலாம், நீ நடத்தக் கூடாது

இந்தியாவில் லாட்டரி மேல அரசாங்கத்துக்கு எப்பவுமே இரண்டு மனசு. கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் கல்கத்தாவின் டவுன் ஹால் எழுந்ததே லாட்டரிப் பணத்தில்தான். 1817இல் லாட்டரிக் கமிட்டி என்றே ஒன்று அமைத்து அந்தப் பணத்தில் ரோடு போட்டார்கள். பிறகு 1870இல் இந்திய தண்டனைச் சட்டத்தில் 294-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்க்கிறார்கள். அரசு அனுமதி இல்லாமல் லாட்டரி நடத்த இடம் வைத்திருந்தால் ஆறு மாதம் வரை சிறை. அப்படி ஒரு திட்டத்தை விளம்பரம் பண்ணினாலே ஆயிரம் ரூபாய் வரை அபராதம். 1870இல் ஆயிரம் ரூபாய்! இப்போது வந்திருக்கிற பாரதிய நியாய சன்ஹிதாவிலும் 297ஆம் பிரிவாக அது அப்படியே உட்கார்ந்திருக்கிறது. அபராதம்தான் 5,000 ஆகியிருக்கிறது.

இந்தப் பிரிவில் வியாபாரிகள் கவனிக்காமல் விடுகிற இடம் ஒன்று உண்டு. லாட்டரி நடத்துகிறவரை மட்டும் அது பிடிக்கவில்லை, விளம்பரம் போடுகிறவரையும் பிடிக்கிறது. நோட்டீஸ் அச்சடிக்கிறதே குற்றத்துக்குள் வரலாம்.

அப்புறம் வந்தது குறுக்கெழுத்து. 1930களில் தமிழ்ப் பத்திரிகைகளில் அது ஒரு பெரிய அலை. ஆனந்த விகடன் மாதிரிப் பத்திரிகைகளின் விற்பனையை அது தூக்கிவிட்டது. ‘இது அறிவுப் போட்டியா, சூதாட்டமா’ என்ற விவாதமும் கூடவே வந்தது. அது சும்மா எழுந்த கேள்வி இல்லை. ஏன்னா அந்தப் பரிசுக் குறுக்கெழுத்து இன்றைக்கு நாம ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் போடுகிற குறுக்கெழுத்து மாதிரி கிடையாது.

நானே ஒரு உதாரணம் சொல்றேன். குறிப்பு: ‘இது இருந்தால் வீட்டில் நிம்மதி’. மூணு கட்டம். முதல் கட்டம் காலி, அடுத்து ‘ண’, அடுத்து ‘ம்’. விடை பணமா, குணமா? ரெண்டுமே பொருந்தும். எது சரி? போட்டி நடத்துகிறவர் முன்கூட்டியே ஒரு விடையை முத்திரை போட்ட உறையில் வைத்திருப்பார். அவர் ‘குணம்’னு எழுதியிருந்தா குணம்தான். இப்படி பத்து, பதினைந்து இடம் இருந்தால் கணக்கு எங்கேயோ போயிடும். நீங்க எவ்வளவு பெரிய தமிழ்ப் புலவரா இருந்தாலும் உறைக்குள்ள என்ன இருக்குன்னு ஊகிக்கத்தான் முடியும். ஆனா ஒவ்வொரு முறையும் ‘ஒரே ஒரு எழுத்துல போச்சே’ன்னு தோணும். மறுபடி காசு கட்டுவீங்க.

இந்தத் தொழிலில் பெரிய பேர் ஆர்.எம்.டி. சமர்பாக்வாலா. பெங்களூரில் இருந்து ‘ஸ்போர்ட்டிங் ஸ்டார்’ என்ற பத்திரிகை வழியாகப் பரிசுக் குறுக்கெழுத்து நடத்தினார். பம்பாய் மாகாணத்தில் ஏகப்பட்ட பேர் கலந்துகொண்டார்கள். பம்பாயில் 1948லேயே லாட்டரி, பரிசுப் போட்டிகளைக் கட்டுப்படுத்தி வரி போடும் சட்டம் இருந்தது. வெளி மாநிலத்தில் அச்சாகிற பத்திரிகைகளையும் பிடிக்கிற மாதிரி அதைத் திருத்தினார்கள். அவர் வழக்குக்குப் போனார். ‘வணிகம் செய்வது என் அடிப்படை உரிமை’ என்றார். அதற்குள் மத்திய அரசு 1955இல் பரிசுப் போட்டிகள் சட்டம் கொண்டுவந்தது. மாதத்துக்கு மொத்தப் பரிசு 1,000 ரூபாயைத் தாண்டக் கூடாது, அதற்குக் கீழே என்றாலும் உரிமம் வேண்டும், ஒரு போட்டிக்கு 2,000 விண்ணப்பங்களுக்கு மேல் ஏற்கக் கூடாது. லட்சக்கணக்கில் பரிசு கொடுத்தவங்களுக்கு இது கடையைச் சாத்துன்னு சொன்ன மாதிரிதான். அதையும் எதிர்த்து வழக்கு.

1957 ஏப்ரல் 9, ஒரே நாளில் உச்ச நீதிமன்றத்தில் இரண்டு தீர்ப்புகள். பம்பாய் வழக்கில் தலைமை நீதிபதி எஸ்.ஆர். தாஸ், ரிக் வேதத்தில் சூதாடி புலம்புகிற பகுதியில் தொடங்கி மகாபாரதம் வரை போய், சூதாட்டம் என்பது இந்த நாட்டில் ஒருநாளும் ‘வணிகம்’ என்று மதிக்கப்பட்டதில்லை, அதற்கு அரசியல் சட்டப் பாதுகாப்பு கிடையாது என்று எழுதினார். மத்திய சட்டம் பற்றிய வழக்கில் தீர்ப்பு எழுதியவர் நம்ம ஊர்க்காரர், டி.எல். வெங்கடராம ஐயர். தீட்சிதர் கிருதிகளில் பெரிய அறிஞர், 1944இல் மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி. ஒரு சங்கீத கலாநிதி குறுக்கெழுத்துப் போட்டிக்குத் தீர்ப்பெழுதினார்னு சொன்னா நம்ப முடியுதா? அவர் சொன்னது இதுதான்: இந்தச் சட்டம் சூதாட்டத் தன்மை உள்ள போட்டிகளுக்கு மட்டும்தான். வெற்றி பெருமளவு திறமையைச் சார்ந்திருக்கிற போட்டிகளை இது தொடாது.

பிசினஸ் பண்றவங்களுக்கு இந்தியாவில் கதவு திறந்தது இந்த வரியில்தான். ‘எனக்கு இந்த சோப்பு பிடிக்கும், ஏனென்றால்... பத்து வார்த்தைக்குள் பூர்த்தி செய்க’ என்று போட்டி வந்ததே, அது எங்கிருந்து வந்தது? கம்பெனிக்கு உங்க கவிதை மேல ஆசை இல்லைங்க. திறமைப் போட்டி என்று காட்ட அந்தப் பத்து வார்த்தை தேவைப்பட்டது. 1996இல் கிண்டி குதிரைப் பந்தயம் திறமை சார்ந்தது என்று உச்ச நீதிமன்றம் சொன்னபோதும், இன்றைக்கு ஆன்லைன் ரம்மிக்காரர்கள் வாதாடும்போதும் இதே 1957 அளவுகோல்தான் கையில் இருக்கிறது.

1978, 1979

இப்ப சீட்டுக்கு வருவோம். ஏலச் சீட்டு வேற, நான் சொல்றது குலுக்கல் சீட்டு. மாதா மாதம் தவணை கட்டணும். மாதம் ஒரு குலுக்கல். பேர் விழுந்தவருக்கு முழுத் தொகையோ, பாத்திரமோ, நகையோ கிடைக்கும். அவர் அதுக்கு மேல தவணை கட்ட வேண்டாம். விழாதவங்க கடைசி வரைக்கும் கட்டிட்டு, கட்டின பணத்தைத் திரும்ப வாங்கிக்கலாம். வட்டி பெரும்பாலும் கிடையாது. பார்க்க யாருக்கும் நஷ்டம் இல்லாத மாதிரி இருக்கும். ஆனா அத்தனை பேரோட பணமும் வட்டியில்லாமல் நடத்துகிறவர் கையில் வருஷக்கணக்கில் சுத்துது. அவர் ஓடிட்டா எல்லாருக்கும் போச்சு. ஓடினவர்கள் நிறைய.

ரிசர்வ் வங்கி அமைத்த ஜேம்ஸ் ராஜ் குழு இதை ஆராய்ந்து தடை செய்யச் சொன்னது. 1978இல் மத்திய அரசு பரிசுச் சீட்டுகள் மற்றும் பணச் சுழற்சித் திட்டங்கள் தடைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1980இல் நீதிபதி கிருஷ்ணய்யர் அந்தத் தடை செல்லும் என்று தீர்ப்பெழுதினார். எம்.எல்.எம். மோசடி வழக்குகளில் இன்றும் போலீஸ் எடுக்கிறது அந்தச் சட்டத்தைத்தான்.

அடுத்த வருஷமே, எம்.ஜி.ஆர். முதல்வராக இருந்த 1979இல், தமிழ்நாடு தனியாக ஒரு சட்டம் போட்டது. தமிழ்நாடு பரிசுத் திட்டங்கள் தடைச் சட்டம். நம்ம ‘சின்ன எழுத்து’ வரியோட அப்பா இவர்தான்.

மத்திய சட்டம் தவணைப் பணத்தைக் குறிவைத்தது. தமிழ்நாட்டுச் சட்டம் கடைக்கே வந்துவிட்டது. எளிய தமிழில் சொன்னால் அதன் வரையறை இப்படி: ஒரு கடையிலோ, திட்டக்காரர் சொல்லும் வேறு இடத்திலோ பொருள் வாங்கியவர்களில் இருந்து ஒருவரையோ சிலரையோ தேர்ந்தெடுத்து, பணமாகவோ பொருளாகவோ வீடு நிலமாகவோ பரிசு கொடுக்கும் எந்தத் திட்டமும், அதற்கு என்ன பேர் வைத்தாலும், பரிசுத் திட்டம். அதை நடத்தக் கூடாது.

எப்படித் தேர்ந்தெடுத்தாலும்? இதுதான் விஷயமே. சீட்டுக் குலுக்கியோ, குலுக்கலிலோ, ‘அல்லது வேறு எந்த முறையிலோ’ என்று சட்டம் சொல்கிறது. அந்தக் கடைசி மூன்று சொற்கள் அந்தச் சங்கீத கலாநிதி திறந்த கதவுக்கு முன்னால் ஒரு பீரோவை நகர்த்தி வைத்த மாதிரி. பொருள் வாங்கினவங்களுக்கு மட்டும் பத்து வார்த்தைப் போட்டி வச்சு, நடுவர் குழு தேர்ந்தெடுத்தாலும், அதுவும் ‘வேறு ஒரு முறை’தானேன்னு ஒருத்தர் வாதாட முடியும். விலை ஏத்தினீங்களா இல்லையா என்ற டீத்தூள் கேள்வியையும் இது கேட்பதில்லை. பொருள் வாங்கினார்களா, அவர்களில் சிலருக்கு மட்டும் பரிசா, அவ்வளவுதான் கேள்வி.

அதனால் மும்பையில் உட்கார்ந்திருக்கிற கம்பெனி வக்கீலுக்கு ரொம்பச் சுலபமான வேலை. தமிழ்நாட்டுக்குன்னு தனியா ஒரு திட்டம் யோசிக்கிறதைவிட, ‘தமிழ்நாட்டில் செல்லாது’ என்று ஒரு வரி சேர்ப்பது மலிவு. ஏழு கோடிக்கு மேல் ஆட்கள் உள்ள சந்தையை ஒரு வரியில் விட்டுவிடுகிறார்கள் என்றால், அந்த வரையறை எவ்வளவு அகலம் என்று யோசிச்சுக்கோங்க.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 1968இல் அண்ணா முதல்வராக இருந்தபோது இதே மாநிலம்தான் அரசு லாட்டரியைத் தொடங்கியது. ‘விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு’ என்பது அப்போதைய பிரசாரம். தனியார் கடைக் குலுக்கலுக்கு 1979இல் தடை வந்தது. லாட்டரிச் சீட்டு விற்பனைக்கு முழுத் தடை 2003 ஜனவரியில்தான், ஜெயலலிதா ஆட்சியில் வந்தது. நடுவில் கால் நூற்றாண்டு. அந்த இடைவெளியில் லாட்டரியால் அழிந்த குடும்பங்களைப் பற்றித் தமிழ்நாட்டில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கடை கூப்பனால் நடுத்தெருவுக்கு வந்த குடும்பத்தைத் தேடிப் பிடிக்கணும். எது முதலில் தடை செய்யப்பட்டதுன்னு பாருங்க.

மேற்கு மலையைத் தாண்டினால் கதை தலைகீழ். கேரளம் 1967இல் லாட்டரித் துறை தொடங்கி இன்றுவரை நடத்துகிறது. 2007 இறுதியில் தொடங்கிய கிராண்ட் கேரளா ஷாப்பிங் ஃபெஸ்டிவலில், கடையில் வாங்கும் பொருளுக்கு அரசே பரிசுக் கூப்பன் கொடுத்தது. தங்கம் பரிசு. பாலக்காட்டில் திருவிழாவாக இருப்பது, வாளையாறு தாண்டிக் கோயம்புத்தூருக்குள் வந்தால் குற்றம்.

ஹார்லிக்ஸ் போத்தலும் எஸ்.எம்.எஸ்.ஸும்

இந்தியா முழுமைக்கும் என்ன நிலைமை? 1984இல் ஏகபோக வணிகத்தைக் கட்டுப்படுத்தும் எம்.ஆர்.டி.பி. சட்டத்தைத் திருத்தி, ‘முறையற்ற வணிக நடவடிக்கை’ என்று ஒரு பட்டியல் சேர்த்தார்கள். கொடுக்கிற எண்ணமே இல்லாமல் பரிசு அறிவிப்பது, விலையில் ஏற்றிவிட்டு ‘இலவசம்’ என்பது எல்லாம் அதில் உண்டு. விற்பனையைப் பெருக்குவதற்காகப் போட்டி, லாட்டரி, அதிர்ஷ்ட விளையாட்டு, திறமை விளையாட்டு நடத்துவதும் உண்டு. திறமைப் போட்டியையும் சேர்த்துவிட்டார்கள்! எழுத்தின்படி பார்த்தால் கோலப்போட்டி நடத்துகிற மாவுக் கடையும் மாட்டும்.

ஹார்லிக்ஸ் கம்பெனி மாட்டியது. சில போத்தல்களுக்குள் ஒரு சீட்டு இருக்கும், கிடைத்தவருக்குப் பரிசு. 1883 டீப் பொட்டலத்தின் பேரன்தான். எச்.எம்.எம். நிறுவனத்தின் அந்த வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போய் 1998இல் தீர்ந்தது. இங்கே நீதிமன்றம் இங்கிலாந்துக்காரர்கள் போன பாதையில் போகவில்லை. வாங்கினவருக்கு நஷ்டமோ பாதிப்போ ஏற்பட்டதாகக் காட்டினால்தான் அது முறையற்ற வணிகம், சில போத்தலுக்குள் சீட்டு இருந்ததாலேயே அது லாட்டரி ஆகிவிடாது என்றது. என் பார்வையில் இது நியாயமான தீர்ப்பு. ஹார்லிக்ஸ் வாங்கினவர் ஹார்லிக்ஸ் குடித்தார், விலையும் அதே விலை. யாருக்கு என்ன நஷ்டம்?

ஆனா ஒண்ணு. அந்தத் தீர்ப்பு மத்திய சட்டத்துக்குத்தான். தமிழ்நாட்டின் 1979 சட்டம் ‘நஷ்டம்’ என்ற சொல்லையே தேடவில்லை. ஹார்லிக்ஸ் ஜெயித்ததை வைத்து நம்ம ஊரில் கூப்பன் போட முடியாது.

அடுத்த பெரிய வழக்கு 2007. ஷாருக் கான் நடத்திய ‘கௌன் பனேகா க்ரோர்பதி’ மூன்றாவது சீசன். பார்வையாளர்களுக்கு ஒரு கேள்வி, எஸ்.எம்.எஸ்.ஸில் பதில், சரியாகச் சொன்னவர்களில் குருட்டாம்போக்கில் ஒருவருக்குப் பரிசு. சாதாரண எஸ்.எம்.எஸ். ஒரு ரூபாய்க்குப் போன காலம், இதற்கு 2 ரூபாய் 40 காசு. பரிசு இலவசம் மாதிரிக் காட்டிவிட்டு எஸ்.எம்.எஸ். காசில் இருந்தே கொடுக்கிறார்கள் என்று ஒரு நுகர்வோர் அமைப்பு வழக்குப் போட்டது. தேசிய நுகர்வோர் ஆணையம் 2008இல் ஸ்டார் டிவிக்கும் ஏர்டெல்லுக்கும் எதிராகத் தீர்ப்பளித்து ஒரு கோடி ரூபாய் தண்டனைத் தொகை விதித்தது. 2019இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பரிசுப் பணம் எஸ்.எம்.எஸ். வருமானத்தில் இருந்துதான் போனது என்பதற்கு ஆதாரம் இல்லை என்பது காரணம். ஆதாரம் இல்லைன்னுதான் சொன்னாங்க, அப்படிப் பண்ணலாம்னு சொல்லலை. அந்த வித்தியாசம் முக்கியம்.

இப்போது அமலில் இருப்பது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். 1984இல் எழுதிய அதே வாசகம் கொஞ்சம் மாற்றங்களோடு அதிலும் இருக்கிறது. முடிவை மறைப்பதும் குற்றப்பட்டியலில் உண்டு. போட்டி முடிந்ததும் யார் ஜெயித்தார்கள் என்பதை, திட்டத்தை விளம்பரம் செய்த அதே பத்திரிகையில், நியாயமான காலத்துக்குள், கண்ணில் படுகிற மாதிரி வெளியிட வேண்டும். ‘வெற்றியாளர்கள் தனித்தனியே தொடர்புகொள்ளப்படுவார்கள்’ என்று போட்டுவிட்டுக் காணாமல் போகிற இன்ஸ்டாகிராம் கடைக்காரர்கள் இதைக் கொஞ்சம் காதில் வாங்கிக்கணும்.

முடிவை ஒழுங்காகக் கையாளாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பிலிப்பைன்ஸ் கதை ஒன்று போதும். 1992இல் பெப்சி அங்கே மூடிக்குள் எண் அச்சடித்துப் போட்டி நடத்தியது. பெரிய பரிசு பத்து லட்சம் பெசோ. ஒருநாள் இரவு டிவியில் அறிவித்த எண் 349. அந்த எண் அச்சடித்த மூடிகள் லட்சக்கணக்கில் ஊருக்குள் இருந்தன. கம்பெனி ஆளுக்கு 500 பெசோ சமாதானத் தொகை தருகிறேன் என்றது. கலவரம், லாரி எரிப்பு, உயிர்ப்பலி வரை போனது. வழக்குகள் 2006 வரை இழுத்தன.

சரி, நம்ம கடைக்காரர் என்னதான் பண்றது?

தமிழ்நாட்டில் கடை வைத்திருக்கிறவருக்கு வழியே இல்லையா என்றால், இருக்கு. வரையறையைத் திருப்பிப் படிங்க. வாங்கினவர்களில் இருந்து ஒருவரையோ சிலரையோ ‘தேர்ந்தெடுப்பது’தான் மாட்டுகிற இடம். வாங்கின எல்லாருக்கும் ஒரு டம்ளர் கொடுத்தால் அங்கே தேர்வே இல்லை. ஆயிரம் ரூபாய்க்கு வாங்கினால் நூறு ரூபாய் தள்ளுபடி என்றாலும் இல்லை. நம்ம ஊர் ஜவுளிக் கடைகளும் பாத்திரக் கடைகளும் கட்டைப்பை, காலண்டர், எவர்சில்வர் டப்பா என்று எல்லாருக்கும் கொடுத்தே பழகியிருக்காங்க. அது தாராள மனசாகவும் இருக்கலாம், சட்டத்துக்கும் அது ஒத்துப்போகுது.

இன்னொரு பக்கம், வாங்குவதற்குச் சம்பந்தமே இல்லாத திறமைப் போட்டி. கடை வாசலில் கோலப்போட்டி, பிள்ளைகளுக்கு ஓவியப்போட்டி, யார் வேண்டுமானாலும் வரலாம், பில் கேட்கக் கூடாது, நுழைவுக் கட்டணம் கிடையாது, மதிப்பெண் எப்படிப் போடுவோம் என்று முதலிலேயே எழுதி ஒட்டிவிட வேண்டும். முக்காலியில் அதிர்ஷ்டமும் இல்லை, விலையும் இல்லை. 1979 வரையறைக்குள்ளும் இது வராது. ‘500 ரூபாய் பில் காட்டினால்தான் கோலம் போடலாம்’ என்று ஒரு வரி சேர்த்த அந்த நிமிஷம் நிலைமை மாறிவிடும்.

வாங்கினவங்களுக்குக் கூப்பன், வாங்காதவங்களும் பேர் எழுதிப் போடலாம் என்று அமெரிக்கா மாதிரி கலந்து நடத்தலாமா? வாதாட இடம் இருக்கு. ஆனால் வாதாடுவது நீதிமன்றத்தில் என்பதை மறக்காதீங்க. பரிசு ஒரு மிக்ஸியாக இருந்தால் வக்கீல் ஃபீஸ் மிக்ஸியை விட அதிகம் ஆகும். பெரிய பரிசு என்றால் நோட்டீஸ் அச்சுக்குப் போவதற்கு முன்னால் ஒரு வக்கீலிடம் காட்டிவிடுவது நல்லது. ‘எல்லாரும்தானே பண்றாங்க’ என்பது எந்தச் சட்டத்திலும் விதிவிலக்கு இல்லை.

கடைசியா வரி. இதை நிறைய பேர் பரிசு கொடுத்த பிறகுதான் யோசிக்கிறாங்க. 1961ஆம் வருஷத்து வருமான வரிச் சட்டத்தில் 194-பி என்று ஒரு பிரிவு இருந்தது. 10,000 ரூபாய்க்கு மேல் போகும் பரிசுக்கு 30 சதவீதம் வரியைக் கொடுக்கிறவரே பிடித்துக் கட்ட வேண்டும். பணமா கொடுத்தா பிடிச்சுக்கலாம். காராகக் கொடுத்தால்? வரி கட்டியாச்சு என்று உறுதி செய்த பிறகுதான் சாவியைக் கொடுக்கணும். ஆறு லட்சம் ரூபாய் கார் என்றால் 1,80,000 ரூபாய். ஜெயித்தவர் கையில் இருந்து கட்டுவாரா, கம்பெனி கட்டுமா என்பதை விதிமுறையிலேயே எழுதாமல் விட்டு, ஜெயித்தவரும் கம்பெனியும் சண்டை போட்ட கதைகள் உண்டு.

அந்த 194-பி பிரிவின் தலைப்பை ஒருமுறை எடுத்துப் பாருங்க. எந்தெந்தப் பரிசுகளுக்கு அந்த வரி என்று சொல்லும்போது லாட்டரிக்குப் பக்கத்தில் இன்னொன்றும் இருக்கும்: குறுக்கெழுத்துப் புதிர்.